வழிவிடலின் அளவுகோல்

நுழையும்முன்

ஒரு நாட்டின் வளர்ச்சியை அதன் சாலைகளின் நீளத்தாலும் அகலத்தாலும் அளப்பது வழக்கம். அச்சாலைகளை நடந்து கடப்பவர் எவ்வளவு அச்சமின்றிக் கடக்கின்றனர் என்பதும் வளர்ச்சியை அளக்கும் கோலே. வாகனத் தொழிலால் உலகறிந்த ஒரகடத்தை முன்னிறுத்தி, பாதசாரிக்கு வழிவிடும் பண்பை எண்ணால் அளக்க வேண்டியதன் தேவையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அளவைகளின் ஊர்

காஞ்சிபுரம் ஏரிகளுக்குப் பெயர்பெற்ற மாவட்டம். அதன் ஏரிப்பாசன ஊர்களுள் ஒன்றாக இருந்த ஒரகடம் இன்று வாகனத் தொழிலின் பெருமையங்களுள் ஒன்றாகத் திகழ்கிறது. இங்கே 2010இல் ரெனோ-நிசான் நிறுவனத்தின் மகிழுந்துத் தொழிற்சாலையும், 2012இல் டெய்ம்லர் நிறுவனத்தின் சரக்குந்துத் தொழிற்சாலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கின. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998 முதலே மகிழுந்துகளை உருவாக்கி வருகிறது. சக்கரத்தின் டயர் முதல் முழு வாகனம் வரை உருப்பெறும் வட்டாரம் இது.

வாகனத் தொழில் என்பது அளவையின் தொழில். ஒரு திருகாணியை எவ்வளவு விசையில் முறுக்க வேண்டும் என்பதற்குக்கூட அளவு உண்டு. பிரேக் எவ்வளவு விரைவாகப் பிடிக்கிறது என்று சோதித்த பின்னரே வாகனம் தொழிற்சாலை வாயிலைக் கடக்கிறது. ஒரகடத்தில் அமைந்துள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் மோதல் சோதனைக் கூடமும் சோதனை ஓடுபாதைகளும் உள்ளன. இத்தகைய கூடங்களில் உணரிகள் பொருத்திய மனித உருவப் பொம்மைகளை வாகனத்துள் அமர்த்தி, வாகனத்தை மோதவிட்டு, தலைக்கும் மார்புக்கும் நேரும் அதிர்ச்சியைக் கணக்கிடுகின்றனர். 2023இல் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் திட்டம், மகிழுந்துக்குள் அமரும் பெரியவர்க்கும் குழந்தைகளுக்கும் கிடைக்கும் பாதுகாப்பை விண்மீன்களால் மதிப்பிட்டு மக்களுக்கு அறிவிக்கிறது.

உள்ளே அமர்ந்திருப்பவரின் பாதுகாப்புக்கு இத்தனை அளவைகள் உள்ளன. வெளியே, சாலையின் ஓரத்தில், கடப்பதற்குக் காத்து நிற்பவரின் நிலை வேறு. பணிமுறை மாறும் வேளையில் தொழிற்சாலை வாயில்களிலிருந்து வெளிவரும் தொழிலாளர்கள் பேருந்து நிறுத்தத்திற்கும் தேநீர்க் கடைக்கும் தங்குமிடத்திற்கும் செல்லச் சாலையைக் கடக்கின்றனர். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வரும் அடியவர்களும், பள்ளி செல்லும் பிள்ளைகளும் இவ்வட்டாரச் சாலைகளைக் கடந்தாக வேண்டும். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க மகளிர் விடுதி 2024இல் திறக்கப்பட்டது. ஒரு சிற்றூரையே விஞ்சும் மக்கள்தொகை குடியேறுகையில் கடைக்கும் நிறுத்தத்திற்கும் நடப்போர் எண்ணிக்கையும் பெருகுவது இயல்பு. இவர்கள் வெள்ளைக்கோட்டில் கால் வைக்கும்போது நூற்றில் எத்தனை வாகனங்கள் நிற்கின்றன? மோதலின் அதிர்ச்சியை நொடியின் நுண்பகுதி வரை அளக்கும் ஊரில் இவ்வெளிய வினாவுக்கும் விடை இருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது மிகையாகாது.

சட்டம் உண்டு, கணக்கு இல்லை

பாதசாரிக்கு வழிவிடுதல் ஓட்டுநர் விரும்பினால் செய்யும் உதவி எனப் பலர் எண்ணுகின்றனர். அது சட்டம் விதித்த கடமை. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், சைகை விளக்கோ காவலரோ இல்லாத கடவையை அணுகும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நின்று, நடந்து கடப்போர்க்கும் சக்கர நாற்காலியில் செல்வோர்க்கும் வழிவிட வேண்டும் என்கின்றன. கடவை என்பது வரிக்குதிரையின் உடற்கோடுகளைப் போல வெள்ளைப் பட்டைகள் தீட்டிய, பாதசாரிகள் கடப்பதற்குரிய இடம். அக்கோடுகளின்மீது முதலுரிமை நடப்பவருக்கே உரியது.

நடப்பவரின் உரிமையை நிலைநாட்டும் முயற்சியில் தமிழகத்தவர் ஒருவர்க்கும் பங்குண்டு. கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க வேண்டி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2014ஆம் ஆண்டு சாலைப் பாதுகாப்புக்கென ஓய்வுபெற்ற நீதியரசர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. நடைமேடையைப் பயன்படுத்தும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 2025இல் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது.

சட்டமும் உரிமையும் இவ்வளவு தெளிவாக இருந்தும் கடவையில் நிற்பவர் ஏன் காத்துக்கொண்டே நிற்கிறார்? விடையின் ஒரு பகுதி அளவையில் உள்ளது. வேக வரம்பை மீறுவோரை அளக்க வேகமானி உண்டு. மது அருந்தி ஓட்டுவோரை அறிய மூச்சுச் சோதனைக் கருவி உண்டு. தலைக்கவசம் அணியாதவரை ஒளிப்படக் கருவியே காட்டிவிடும். வழிவிடாமல் சென்றவரைக் காட்டும் கருவி பொதுப் பயன்பாட்டில் இல்லை. அவர்களை எண்ணும் பழக்கமும் பரவலாகவில்லை. அளக்கப்படும் விதி நினைவில் நிற்கிறது. அளக்கப்படாத விதி ஓட்டுநர் உரிமத் தேர்வு முடிந்த மறுநாளே மறக்கப்படுகிறது.

மரணத்திற்குப் பின் ஒலிக்கும் மணி

திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் ஒரு கன்று சிக்கி இறந்ததும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்து மனுநீதிச் சோழனிடம் நீதி வேண்டியதும் தமிழர் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. வாகனத்தில் செல்பவன் எத்துணை உயர்ந்தவனாயினும், வீதியில் நடக்கும் எளிய உயிருக்கு அவன் பொறுப்பாளி என்பது அக்கதை உணர்த்தும் அறம். அம்மன்னனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலும் நிற்கிறது. கதையில் கவனிக்கத்தக்கது இன்னொன்றும் உண்டு. கன்று இறந்த பின்னரே மணி ஒலித்தது. மன்னனின் நீதியால் கன்று மீளவில்லை.

இன்றைய சாலைப் பாதுகாப்புக் கணக்கும் அந்த மணியைப் போன்றதே. நடுவண் அரசு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 32,825 பேர் பாதசாரிகள். நாளொன்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. இங்கு 17,884 பேர் மாண்டனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தேசியத் தகவலியல் மையமும் இணைந்து உருவாக்கிய மின்னணு விபத்துப் பதிவு முறையால், விபத்து நேர்ந்த இடமும் நேரமும் சூழலும் இப்போது நுட்பமாகப் பதிவாகின்றன. இது பெரும் முன்னேற்றம். எனினும் இக்கணக்கில் ஒருவர் இடம்பெற வேண்டுமாயின் அவர் முதலில் அடிபட வேண்டும்.

விபத்துக் கணக்குக்கு மேலும் இரு குறைகள் உள்ளன. முதலாவது, ஒரு குறிப்பிட்ட கடவையில் ஆண்டுக்கு ஒரு விபத்து நேரலாம், நேராமலும் போகலாம். சுழியும் ஒன்றுமாக வரும் எண்ணிலிருந்து அக்கடவை சீர்கெட்டு வருகிறதா, சீர்பட்டு வருகிறதா என்று அறியப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதே கடவையில் நின்று வழிவிடுவதா, விரைந்து செல்வதா என்னும் முடிவை ஓட்டுநர்கள் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான முறை எடுக்கின்றனர். அம்முடிவுகளை எண்ணினால் சில நாள்களிலேயே கடவையின் நிலை புலப்படும்.

இரண்டாவது குறை நுட்பமானது. ஓரிடத்தில் விபத்தே நேரவில்லை என்பதால் அவ்விடம் பாதுகாப்பானது ஆகிவிடாது. கடப்பதற்கே அஞ்சி மக்கள் ஒதுங்கியதாலும் விபத்து நேராமல் இருக்கலாம். முதியவர் மாலை நடையை விட்டுவிடுவார். தாய் தன் பிள்ளையை எதிர்ப்புறத்துப் பள்ளிக்கு ஆட்டோவில் அனுப்புவார். கடவை அமைப்பதற்கான இந்தியச் சாலைகள் பேராயத்தின் வழிகாட்டு முறையும், கடக்கும் மக்களின் எண்ணிக்கையை வாகன எண்ணிக்கையின் இருமடியால் பெருக்கிப் பார்க்கும் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. கடந்தவர் அக்கணக்கில் வருவர். கடக்க முயன்று அஞ்சித் திரும்பியவர் வாரார். கன்று வீழும் முன்னரே ஒலிக்கும் மணி ஒன்று வேண்டும். வழிவிடல் விழுக்காடே அந்த மணி.

நிற்பதற்கு வேண்டிய தொலைவு

வழிவிடலை அளப்பது எளிது போலத் தோன்றும். கடவையருகே அமர்ந்து நின்ற வாகனங்களையும் நில்லாதவற்றையும் எண்ணினால் போதாதா எனலாம். ஆனால் நடப்பவர் கால் வைக்கும் நொடியில் கடவைக்கு ஐந்து மீட்டர் தொலைவில் இருக்கும் வாகனத்தால் எவ்வளவு முயன்றாலும் நிற்க முடியாது. அதனை விதி மீறியதாக எண்ணுவது நீதியாகாது. எனவே நியாயமான கணக்குக்கு ஓர் எல்லைக்கோடு தேவை. அக்கோட்டுக்கு அப்பால் வரும் வாகனம் மட்டுமே கணக்கில் சேரும்.

எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பதைப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலே சொல்லிவிடும். ஓட்டுநர் நடப்பவரைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் எனக் கொள்க. பின்னர் வாகனம் பதற்றமின்றி, நொடிக்கு நொடி 3 மீட்டர் வீதம் வேகம் குறைந்து நிற்கிறது எனக் கொள்க. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் நிற்க ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்திற்கு 46 மீட்டர் வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்திற்கு 63 மீட்டர் வேண்டும். வேகம் இருமடங்காகும்போது நிற்கும் தொலைவு மும்மடங்கையும் தாண்டுகிறது. சுமையேற்றிய கனரக வாகனங்களுக்கு இன்னும் கூடுதலான தொலைவு தேவைப்படும். அவற்றுக்கெனத் தனி எல்லைக்கோடு வகுப்பதே முறை.

நடப்பவரின் பக்கமிருந்தும் இதே கணக்கைப் பார்க்கலாம். மூன்று வழித்தடம் கொண்ட ஒருபுறச் சாலையின் அகலம் பத்தரை மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் அதனைக் கடக்க ஏறத்தாழ ஒன்பது நொடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் அதற்குள் 150 மீட்டர் ஓடிவிடும். ஆகவே எவரும் வழிவிடாத சாலையில் மூன்று தடங்களிலும் 150 மீட்டர் வெற்றிடம் ஒருசேர வாய்க்கும்வரை அவர் காத்திருக்க வேண்டும். பணிமுறை மாறும் நேரத்தில் அத்தகைய வெற்றிடம் வாய்ப்பது அரிது. மெல்ல நடக்கும் முதியவருக்கும், கைக்குழந்தையோடு நடப்பவருக்கும் அது மேலும் அரிது. பொறுமையிழந்து ஓடிக் கடப்பவரை அறியாதவர் எனப் பழிப்பது எளிது. அவருக்கு விடப்பட்ட வழி ஓடுவது ஒன்றுதான் என்பதை மேற்கண்ட கணக்கு காட்டுகிறது.

[தெரிந்து தெளிவோம்
பாதசாரிகள் கடக்கும் இடத்தை வண்டி ஓட்டுநர்க்கு அறிவிக்க 1934இல் பிரித்தானியாவில் கறுப்பு வெள்ளைக் கம்பத்தின் உச்சியில் மஞ்சள் உருண்டை விளக்குகள் நிறுவப்பட்டன. அன்றைய போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர் பெலிஷாவின் பெயரால் அவை ‘பெலிஷா விளக்குகள்’ எனப்பட்டன. சாலையிலேயே பட்டைக் கோடுகளைத் தீட்டும் முறை 1949இல் சோதித்துப் பார்க்கப்பட்டு, 1951இல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.]

சராசரிக்குள் மறையும் மனிதர்

எண்ணுவது மட்டும் போதாது. எதை எண்ணுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஒரகடம் போன்ற இடத்தில் கடப்பவர் எல்லாரும் ஒரு நிலையினர் அல்லர். பணி முடிந்து முப்பது பேர் ஒன்றாகச் சாலையில் இறங்கினால் வாகனங்கள் நின்றே தீரும். அங்கே வழி விடப்படவில்லை. கூட்டத்தின் வலிமையால் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதே கடவையில் அரைமணி கழித்து ஒரு மூதாட்டி தனியே நிற்கும்போது ஒருவரும் நில்லாதிருக்கலாம். இவ்விரண்டையும் கூட்டிச் சராசரி கண்டால் அந்த எண் மூதாட்டியின் நிலையை மறைத்துவிடும். ஆகையால் தனியாகக் கடப்பவர்க்கான விழுக்காட்டைப் பிரித்தே பதிய வேண்டும். ஒரு கடவையின் தரம் அங்கே மிக எளியவர் பெறும் வழியால் அறியப்பட வேண்டும்.

நம் சாலைகளுக்கே உரிய வழக்கம் ஒன்றும் உண்டு. நடப்பவர் தம் உள்ளங்கையை ஓட்டுநரை நோக்கி உயர்த்திக் காட்டி, முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்ல முன்னேறுவார். ஓட்டுநரும் வேகத்தைச் சற்றுக் குறைத்து, அவர்க்கு முன்னாகவோ பின்னாகவோ வளைந்து சென்றுவிடுவார். கண்ணாலும் கையாலும் நடக்கும் இந்தப் பேரத்தில் மனிதத்தன்மை இல்லாமல் இல்லை. ஆயினும் பார்வையற்றவரால் இப்பேரத்தில் கலந்துகொள்ள இயலாது. குழந்தையின் சிறுகை உயரத்திலிருந்து நோக்கும் சரக்குந்து ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். வேண்டிப் பெற்ற வழி வேறு. உரிமையால் பெற்ற வழி வேறு. கையுயர்த்திய பின் நின்ற வாகனம், தானே நின்ற வாகனம், வேகம் குறைத்து வளைந்து சென்ற வாகனம், நில்லாது சென்ற வாகனம் என நான்காகப் பகுத்து எண்ணினால் மட்டுமே உண்மை விளங்கும்.

பல தடங்கள் கொண்ட சாலையில் இன்னோர் இடர் உண்டு. முதல் தடத்தில் ஒருவர் அன்புடன் வண்டியை நிறுத்துவார். அதை நம்பி நடப்பவர் முன்னேறும்போது, நின்ற வண்டியின் மறைவிலிருந்து அடுத்த தடத்து வாகனம் பாய்ந்து வரும். முதல் ஓட்டுநரின் நற்செயலே நடப்பவருக்குப் பொறியாகிவிடும். எனவே எல்லாத் தடங்களிலும் வாகனங்கள் நின்றனவா என்பதையும் குறிக்க வேண்டும்.

எத்தனை வாகனங்களை எண்ணுவது என்பதும் சிந்திக்கத்தக்கது. நூறு வாகனங்களை மட்டும் எண்ணிக் காணும் விழுக்காட்டில் தற்செயலாகவே பத்துப் புள்ளிகள் வரை ஏற்றத்தாழ்வு வரலாம். நானூறு எண்ணினால் அது ஐந்தாகச் சுருங்கும். காலை, மாலை, இரவு, மழைநாள் எனப் பல வேளைகளில் எண்ண வேண்டும். ஒருவர் எண்ணியதை மற்றொருவர் தனியே எண்ணி ஒப்பிட வேண்டும்.

எண் கண்ட ஊரின் மாற்றம்

இவ்வாறு அளந்து பார்த்த ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கெயின்சுவில் என்னும் பல்கலைக்கழக நகரில் 2010ஆம் ஆண்டை ஒட்டி ஓராண்டுக் காலம் ஓர் ஆய்வு நடந்தது. ரான் வான் ஹூட்டன் என்னும் உளவியலறிஞரும் குழுவினரும் அதை நடத்தினர். பயிற்சி பெற்றவர்கள் ஒரே முறையில் கடவையில் கால் வைத்தனர். எல்லைக்கோட்டுக்கு அப்பால் வந்த வாகனங்களுள் நின்றவை எண்ணப்பட்டன. தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓட்டுநர்களே வழிவிட்டனர்.

காவல்துறையினர் தேர்ந்தெடுத்த கடவைகளில் முதலில் அறிவுரையும் பின்னர்த் தண்டமும் வழங்கினர். பள்ளிகள் வழியே பெற்றோர்க்குச் செய்தி சென்றது. அத்துடன் சாலையோரத்தில் பெரிய பலகைகள் நாட்டப்பட்டன. சென்ற வாரம் நூற்றுக்கு எத்தனை ஓட்டுநர் வழிவிட்டனர் என்பதும், அதுவரை எட்டிய உயர்ந்த அளவு எது என்பதும் அவற்றில் எழுதப்பட்டன. ஆண்டின் இறுதியில் வழிவிட்டோர் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காக உயர்ந்தனர். காவலர் ஒருநாளும் நிற்காத கடவைகளிலும் வழிவிடுவோர் பெருகினர் என்பதே இதில் சிறப்பு.

பலகையின் ஆற்றல் எங்கிருந்து வந்தது? நில்லாமல் செல்லும் ஓட்டுநர் தம் மனத்துள், யாரும் நிற்பதில்லையே என்று சொல்லிக்கொள்கிறார். பிறர் செய்வதையே முறையெனக் கொள்வது மனித இயல்பு. நூற்றில் நாற்பது பேர் நின்றனர், சென்ற வாரத்தைவிட ஐவர் கூடினர் என்று பலகை சொல்லும்போது அந்தச் சாக்கு மெல்லச் சரியத் தொடங்குகிறது. அறிவுரை கேட்டு மாறாதவரும் தம் ஊரின் கணக்கைக் கண்டு மாறுவர்.

மறுப்புரைகளும் விடைகளும்

கெயின்சுவில் நகரை ஒரகடத்தோடு ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயமே. சரக்குந்துகளும் தொழிலாளர் பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் கலந்து ஓடும் மாநில நெடுஞ்சாலையில், திடீரென நிற்கும் வாகனத்தின்மீது பின்னால் வருவது மோதாதா என்பர் சிலர். இந்த அச்சம் பொய்யன்று. ஆனால் அது வழிவிடுதலுக்கு எதிரான வாதமாகாது. வேகத்திற்கு எதிரான வாதமே ஆகும். கடவைக்கு முன்னரே வேகம் தணிக்கப்பட்டிருந்தால் எவரும் திடீரென நிற்க வேண்டியிராது. மகிழுந்து மோதும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65ஆக உயர்ந்தால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்காகிறது என உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. ஆகவே வேகத்தைத் தணித்தல் ஓட்டுநர், நடப்பவர் ஆகிய இருவரையும் காக்கும்.

நடை மேம்பாலம் கட்டினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பர் வேறு சிலர். அகன்ற நெடுஞ்சாலையில் அது தேவைப்படும் இடங்களும் உண்டு. எனினும் எட்டு மணி நேரம் நின்று உழைத்தவரையும், முழங்கால் வலியுள்ள முதியவரையும் மாடி ஏறி இறங்கச் சொல்வது, நிற்க வேண்டிய வாகனத்தின் கடமையை நடக்கும் காலின்மீது ஏற்றுவதாகும். மின்தூக்கி இல்லாத மேம்பாலம் சக்கர நாற்காலியில் செல்பவருக்குப் பயன்படாது.

மூன்றாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. எண்ணிப் பார்த்து விழுக்காடு மிகக் குறைவாக வந்தால் ஓட்டுநர்கள்மீது தண்டம் விதிப்பதைத் தவிர வேறென்ன நடக்கும் என்று கேட்பர். இங்கேதான் அளவையின் உண்மைப் பயன் வெளிப்படுகிறது. ஒரு கடவையில் பத்தில் ஒருவர் நில்லாது சென்றால் அது அவருடைய குற்றம். பத்தில் ஒன்பது பேர் நில்லாது சென்றால் அச்சாலையின் அமைப்பும் குற்றத்தில் பங்கு கொள்கிறது. வெறும் வெள்ளைக்கோடு அங்கே போதவில்லை என்பதே அந்த எண் சொல்லும் செய்தி. மேடாக உயர்த்திய கடவை, சாலை நடுவே நின்று இளைப்பாற ஒரு திட்டு, அழுத்தினால் சிவப்பு எரியும் சைகை விளக்கு, இரவில் போதிய வெளிச்சம் ஆகியவற்றுள் எது தேவை என்பதை முன்னும் பின்னும் அளந்து தெளியலாம். பொறியாளர் அமைத்த மாற்றம் பயன் தந்ததா என்பதற்கு ஒரு வாரத்தில் விடை கிடைக்கும். இன்னொருவர் உயிர் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரகடம் செய்யத்தக்கது

இப்பணியைத் தொடங்க ஒரகடத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. அளவையில் தேர்ந்த பொறியாளர்கள் இங்கே உள்ளனர். பிழைகளை நாள்தோறும் எண்ணிப் பலகையில் எழுதி, காரணம் கண்டு களையும் பழக்கம் வாகனத் தொழிற்சாலைகளின் அன்றாட நடைமுறை. அந்தப் பழக்கம் தொழிற்சாலை மதிற்சுவரைத் தாண்டிச் சாலைக்கு வர வேண்டும். நெடுஞ்சாலைத் துறையும் காவல்துறையும் தொழிற்பூங்கா நிருவாகமும் இணைந்து, தொழிற்சாலை வாயில்களையும் பேருந்து நிறுத்தங்களையும் ஒட்டிய கடவைகளில் திங்கள்தோறும் வழிவிடல் விழுக்காட்டை எண்ணி வெளியிடலாம். தொழிலாளர்களை ஏற்றிவரும் ஒப்பந்தப் பேருந்துகளும் வேன்களும் எவ்வளவு வழிவிடுகின்றன என்பதைத் தனியே கணக்கிடலாம். அவற்றின் ஓட்டுநர்க்குப் பயிற்சியளிப்பதும், நேரத்திற்குள் வந்து சேர வேண்டும் என்னும் நெருக்கடியைக் குறைப்பதும் அமர்த்துவோரின் கையில் உள்ளன.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியாகவோ சாலைப் பாதுகாப்பு மன்றத்தின் வழியாகவோ, ஆசிரியர் மேற்பார்வையில், சாலையைவிட்டு விலகிய பாதுகாப்பான இடத்தில் அமர்ந்து, இயல்பாகக் கடப்போர்க்கு வாகனங்கள் வழிவிடுவதை எண்ணலாம். எண்ணுவதற்கென்று எவரும் சாலையில் இறங்கலாகாது. ஒரு தாளும் எழுதுகோலும், நான்கு கட்டங்களும் போதும். கணக்கு முடிந்ததும் அதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் இட்டு, ஊராட்சிக்கும் காவல் நிலையத்திற்கும் அனுப்பலாம். அடுத்த பருவத்தில் மீண்டும் எண்ணி, மாற்றம் வந்ததா என ஒப்பிடலாம்.

ஒரகடத்தில் பிரேக்கைப் பொருத்தும் தொழிலாளி, பணி முடிந்ததும் வாயிலுக்கு வெளியே ஒரு பாதசாரி ஆகிறார். தாம் பொருத்தியது போன்ற பிரேக்கை வேறொருவர் உரிய நேரத்தில் மிதிப்பார் என்னும் நம்பிக்கையிலேயே அவர் சாலையில் கால் வைக்கிறார். பிரேக் செயற்படுமா என்பதற்குத் தொழிற்சாலை சான்று தருகிறது. அது மிதிக்கப்படுமா என்பதற்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டும். இன்று பதினொன்றாம் வகுப்பில் பயில்வோருள் பலர் ஓரிரு ஆண்டுகளில் ஓட்டுநர் உரிமம் பெறுவர். கடவையின் முன் அவர்கள் எடுக்கும் முடிவும் அக்கணக்கில் ஏறும்.